திரட்டுப்பால் மூன்றாம் நாள் ஏன் மணலாகிறது?

ஒரு வாசகரின் கேள்வி, 15 நவம்பர் 2023

தீபாவளிக்கு முதல் நாள் இரண்டு லிட்டர் பாலில் திரட்டுப்பால் கிளறினேன். அன்று வெண்ணெய் மாதிரி இருந்தது. மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தேன். இன்று எடுத்து வாயில் போட்டால் நறநறவென்று மணல் கடிபடுகிறது. சர்க்கரை நன்றாகக் கரைந்த பிறகுதான் இறக்கினேன். என் பாட்டி செய்தது ஒருநாளும் இப்படி ஆனதில்லை. பாக்கெட் பாலில் என்னத்தையோ கலக்கிறார்கள் என்பதுதான் என் முடிவு. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

15 நவம்பர் 2023, இரவு

ஆகியிருக்கிறது, ஒவ்வொரு தீபாவளிக்கும். பால் மேல் பழி போட வேண்டாம். அந்த மணல் பாலிலேயே இருப்பதுதான், யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. மீதியை நாளை எழுதுகிறேன். முறுக்கு பிழிந்த கை வலிக்கிறது.

16 நவம்பர் 2023

சரி, கணக்கு.

ஆரஞ்சு பாக்கெட் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த நிறைகொழுப்புப் பாலில் கொழுப்பு 6 சதவீதம், கொழுப்பு தவிர்த்த திடப்பொருள் 9 சதவீதம். மீதி தண்ணீர். ஆக 2 லிட்டரில் திடப்பொருள் 300 கிராம் சொச்சம். அதில் பால் சர்க்கரை, அதாவது லாக்டோஸ், கிட்டத்தட்ட 100 கிராம். நீங்கள் போட்ட வெள்ளைச் சர்க்கரை இதில் சேராது.

கிளறிக் கிளறி ஓரம் விட்டுச் சுருண்டு வரும் பதத்தில் உருளியில் மிஞ்சியிருக்கும் தண்ணீர் 100 அல்லது 110 கிராம் இருக்கலாம். அறைச் சூட்டில் 100 கிராம் தண்ணீரில் பால் சர்க்கரை 20 கிராம் அளவுக்குத்தான் கரையும். வெள்ளைச் சர்க்கரையோ அதே தண்ணீரில் 200 கிராம் கரைந்துவிடும். சூடாக இருக்கும்வரை பால் சர்க்கரையும் எப்படியோ அடங்கிக் கிடக்கும். ஆற ஆற அதற்கு இடம் போதாமல் போகிறது. முதல் நாள் தெரியாது. இரண்டாம் நாள் லேசாகத் தட்டுப்படும். மூன்றாம் நாள் படிகம் வளர்ந்து பல்லில் கடிபடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் கரையும் அளவு இன்னும் குறைகிறது, அவ்வளவுதான்.

தப்பிக்க வழி: இறக்கி வைத்த பிறகும் நன்றாக ஆறும்வரை கிளறிக்கொண்டே இருப்பது. அப்போது ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் படிகங்கள் ஒரே நேரத்தில் உண்டாகும். ஒன்றும் பெரிதாக வளராது. பத்து மைக்ரானுக்குள் இருந்தால் நாக்குக்குத் தெரியாது. கெட்டிப்பால் தயாரிக்கும் ஆலைகளில் இதற்காகவே பொடித்த லாக்டோஸைக் கொஞ்சம் விதை மாதிரி தூவிக் கலக்குகிறார்கள்.

என் பாட்டி இதைத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். "இறக்கியாச்சுன்னு போயிடாதே, ஆறுற வரைக்கும் கிண்டு" என்பார். லாக்டோஸ் என்ற வார்த்தை அவர் காதில் விழுந்திருக்காது. அனுபவம் அப்படி.

(இந்தக் கடைசிப் பத்தியைப் பிறகு திருத்த வேண்டிவந்தது. கீழே ஆகஸ்ட் மாதத்தைப் பாருங்கள்.)

16 நவம்பர் 2023, மதியம்

இரண்டு பேர் கேட்டுவிட்டதால் ஒரு விளக்கம். குருணையும் மணலும் வேறு வேறு. பால்கோவாவில் நாம் விரும்பித் தேடும் திரிதிரியான குருணை, பாலின் புரதம் திரண்டது. பாதி சுண்டியதும் அரை ஸ்பூன் தயிரோ நாலு சொட்டு எலுமிச்சைச் சாறோ விட்டால் அது கிடைக்கும். மெத்தென்று இருக்கும், அழுத்தினால் நசுங்கும். மணல் நசுங்காது, கடிக்க வேண்டும். உங்கள் நாக்கே சொல்லிவிடும்.

மணலானதைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று ஸ்பூன் பால் விட்டு, மிகச் சின்னத் தீயில் கிளறினால் பெரும்பகுதி கரைந்துவிடும். அன்றைக்கே தின்றுவிட வேண்டும். அடுத்த நாள் பழைய குருடி கதைதான்.

19 நவம்பர் 2023

பாத்திரம் பற்றிக் கேட்டவருக்கு.

எங்கள் வீட்டில் பாட்டியின் வெண்கல உருளி இருக்கிறது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பா ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. அடி கனம், சூடு பரவலாக ஏறும். ஆனால் அதைத் தூக்கி அடுப்பில் வைக்க இரண்டு ஆள் வேண்டும் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறைதான். மற்ற நாளில் அடிகனமான எவர்சில்வர் வாணலி. நான்ஸ்டிக்கில் செய்தால் அடிப்பிடிக்காது, உண்மை. ஆனால் வழித்துத் தின்ன ஒன்றுமே இருக்காது. பிறகு எதற்கு ஒன்றரை மணி நேரம் அடுப்படியில் நிற்பது?

பால் பொங்காமலிருக்க உள்ளே ஒரு சின்ன தட்டைக் கவிழ்த்துப் போடுவார்களே, அது நல்ல உபாயம். தட்டுக்கு அடியில் ஆவி சேர்ந்து சேர்ந்து கடகடவென்று வெளியேறும், பால் ஒரேயடியாக எழும்பாது. சத்தம் கேட்கும்வரை நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். பாலை மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்வரை இது போதும். அதற்கு மேல் தட்டை எடுத்துவிட்டுத் துடுப்பைக் கையில் எடுக்க வேண்டியதுதான். அப்புறம் போன் வந்தாலும் எடுக்கக் கூடாது, காலிங் பெல் அடித்தாலும் போகக் கூடாது. நான் ஒருமுறை கூரியர்காரருக்குக் கையெழுத்துப் போடப் போனேன். மூன்று நிமிஷம். திரும்பி வந்தபோது அந்த வாணலியில் இருந்ததை என் மகன் "காபி கலர் பால்கோவா" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறான்.

அளவு கேட்டவருக்கு: போன வாரம் நிறுத்துப் பார்த்தேன். 2 லிட்டர் ஆரஞ்சு பாக்கெட், 200 கிராம் சர்க்கரை, முடிவில் 620 கிராம். கிளறிய நேரம் 1 மணி 25 நிமிஷம்.

25 நவம்பர் 2023

வெல்லம் போடலாமா என்று ஒருவர். போடலாம், ஆனால் கொதிக்கும் பாலில் போடாதீர்கள். வெல்லத்துக்குக் கொஞ்சம் புளிப்புக் குணம் உண்டு. பால் திரிந்துவிடும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, பால் கெட்டியான பிறகு, தீயை அணைத்துவிட்டுச் சேர்க்க வேண்டும். வடிகட்டாமல் போட்டால் மூன்றாம் நாள்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அசல் மணல் கடிக்கலாம்.

இன்னொருவர் சண்டைக்கே வந்துவிட்டார்: "பருப்புப் போட்டால் அது திரட்டுப்பாலே இல்லை, பருப்புப் பாயசத்தின் தங்கச்சி." இதைப் படித்துவிட்டு என் மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை. நான் எழுதியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் எழுதவில்லை. ஆனால், சொல்லத்தான் வேண்டும், நினைத்திருக்கிறேன். மனைவிக்கு ஸ்ரீரங்கம். அவர்கள் வீட்டில் திரட்டுப்பால் என்றால் பயத்தம்பருப்பைச் சிவக்க வறுத்து, பாலில் குழைய வேகவைத்து, தேங்காயோடு கொரகொரப்பாக அரைத்து, வெல்லப் பாகில் நெய் விட்டுக் கிளறுவது. ஒரு ஆழாக்குப் பருப்புக்கு ஒரு தேங்காய், 400 கிராம் வெல்லம், நெய் கணக்கில்லை. கல்யாணமான புதிதில் முதல் தடவை சாப்பிட்டபோது "அல்வா நன்றாக இருக்கிறது" என்று மாமியாரிடம் சொன்னேன். இருபது வருஷமாக அந்த வாக்கியம் என் தலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எங்கள் பக்கம் பால், சர்க்கரை, அதோடு ஒரு ரகசியம். பாட்டியின் நோட்டில் உள்ள ரகசியம். இரண்டு கைப்பிடி பாதாம் பொடி. இறக்குவதற்குக் கால் மணி முன்னால் தூவுவது. வேறு எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் எங்கள் வீட்டுத் திரட்டுப்பாலுக்கு ஒரு மங்கிய நிறமும் தனி மணமும். யாரிடமும் சொல்வதில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

26 நவம்பர் 2023

பாதாம் பொடி கல்லிடைக்குறிச்சியில் அந்தக் காலத்தில் ஏது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயம்தான். அம்மாவிடம் கேட்டேன். "அந்த வீட்டு விஷயம் எனக்கெப்படித் தெரியும், நான் வந்தது 76ல" என்று முடித்துவிட்டார்.

நோட்டில் இருப்பது இதுதான், எழுத்துக்கு எழுத்து: "தி.பால். பால் 2 படி. ச. 8 ப. பா.பொ. 2 கை. நெய் கரண்டி. ஏல." அவ்வளவுதான் சமையல் குறிப்பு. "8 ப" என்பதை அப்பா ஒருமுறை 8 படி என்று படித்துவிட்டு, இரண்டு படி பாலுக்கு எட்டுப் படி சர்க்கரையா என்று பயந்துபோனார். அது பலம். ஒரு பலம் 35 கிராம், ஆக 280 கிராம். படியோ ஊருக்கு ஊர் வேறு. பாட்டி வீட்டுப் படியில் நான் தண்ணீர் ஊற்றி அளந்தபோது ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை என்ற என் கணக்கும் பாட்டியின் கணக்கும் அநேகமாக ஒன்றுதான். பெருமையாக இருந்தது.

13 ஜனவரி 2024

கூடாரவல்லி வாரம் என்பதால் அக்காரவடிசில் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்குத் தனியாக எழுத வேண்டும், இதில் கலக்க வேண்டாம். ஒன்று மட்டும்: அரிசி பாலிலேயே வேக வேண்டும். தண்ணீரில் வேகவைத்துப் பாலை ஊற்றினால் அது பால் சாதம். ஸ்ரீரங்கத்துக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். பேச்சுவார்த்தை மீண்டும் தொடங்கிவிட்டது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளவும்.

14 ஜனவரி 2024

பால்கோவாவுக்கும் திரட்டுப்பாலுக்கும் என்ன வித்தியாசம் என்ற பழைய கேள்வி. என் அபிப்பிராயம்: பெயர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா பாலும் சர்க்கரையும் மட்டுமே. 2019ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் வாங்கினால் பால்கோவா. அதையே மஞ்சள் குங்குமம் தடவிய பாத்திரத்தில் அடைத்துச் சீர்த் தட்டில் வைத்தால் திரட்டுப்பால். சம்பந்தி வீட்டில் யாராவது குறை சொன்னால் சந்தேகமில்லாமல் திரட்டுப்பால்.

"திரட்டிப்பாலா திரட்டுப்பாலா" என்று கேட்டவருக்கு: எழுதும்போது திரட்டுப்பால், பேசும்போது தெரட்டிப்பால். தின்னும்போது பேசுவதில்லை.

12 ஏப்ரல் 2024

நேற்று பெருநாள். அதனால் திரட்டுப்பாலை விட்டு விலகுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் படித்தது திருநெல்வேலியில். அப்பாவோடு வேலை பார்த்தவர் வீடு மேலப்பாளையத்தில். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர்கள் வீட்டு உம்மா ஒரு தூக்குச்சட்டியில் எங்களுக்காகத் தனியாகப் பலகாரம் அனுப்புவார். அதில் வெட்டிய சதுரமாக, பழுப்பு நிறத்தில், தொட்டால் ஆடுகிற ஒன்று. தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் மணக்கும். வட்டலப்பம் என்று பெயர் தெரியும், என்ன போட்டுச் செய்கிறார்கள் என்று தெரியாது. எங்கள் வீடு முட்டை தொடாத வீடு. ஏழெட்டு வருஷம் நானும் தங்கையும் அடித்துக்கொண்டு தின்றோம்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு விடுதி நண்பன் ஒருவன் சொல்லித்தான் தெரிந்தது. பத்து, பன்னிரண்டு முட்டை அடித்து, தேங்காய்ப்பாலில் கலந்து ஆவியில் வேகவைப்பது வட்டலப்பம். ஊருக்கு வந்து அம்மாவிடம் அதிர்ச்சியோடு சொன்னேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னார்: "எனக்குத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் ஒல்லியா இருந்தீங்க."

கொழும்பிலிருந்து ஒருவர் தங்கள் பக்கம் கித்துள் என்ற ஒரு பனைவகை மரத்தின் கருப்பட்டியில் செய்வதாகவும் சாதிக்காய் சேர்ப்பதாகவும் எழுதியிருக்கிறார். மலாய்க்காரர்கள் கொண்டுவந்த பண்டம் என்று அங்கே சொல்வார்களாம். பனங்கருப்பட்டியில் செய்து பார்த்த யாராவது இருக்கிறீர்களா? நான் செய்ய முடியாது, வீட்டில் ஒருவர் இன்னும் முட்டை தொடுவதில்லை. அவரும் இதைப் படிக்கிறார்.

13 ஏப்ரல் 2024

சீம்பால் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. கன்று போட்ட முதல் இரண்டு நாள் பால். வெல்லம், ஏலக்காய் சேர்த்து ஆவியில் வைத்தால் முட்டையும் வேண்டாம், கடற்பாசியும் வேண்டாம், தானே உறையும். சூட்டில் உறைகிற புரதம் அதில் ஏராளம், அதனால். மூன்றாம் நாள் பால் அவ்வளவாக உறையாது. நகரத்தில் கிடைத்தால் எனக்கும் ஒரு டம்ளர் வாங்கி வையுங்கள்.

2 ஜூன் 2024

ஒரு வாக்குமூலம். மே மாதம் முழுக்க அடுப்படியில் நிற்க முடியவில்லை. மகன் பிறந்தநாளுக்கு மைக்ரோவேவில் செய்தேன். கெட்டிப்பால் ஒரு டப்பா, இரண்டு ஸ்பூன் புளிக்காத தயிர், ஒரு ஸ்பூன் நெய். பெரிய கண்ணாடிக் கிண்ணம். சின்னக் கிண்ணம் வேண்டாம், பொங்கி வழிந்தால் துடைக்க அரை நாள். நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துக் கிளறி மொத்தம் ஆறு நிமிஷம். பாதாம் பொடியும் தூவினேன்.

வந்தவர்கள் எல்லாரும் "பாட்டி கைப்பக்குவம்" என்றார்கள். நான் மறுக்கவில்லை. ஐந்தாம் நாள்கூட மணலாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆலையில் விதை தூவிய பால் அல்லவா.

18 ஆகஸ்ட் 2024

உட்கார்ந்து நிதானமாக எழுத வேண்டிய விஷயம்.

அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு வாரமாக எங்கள் வீட்டில் இருக்கிறார். கண் சிகிச்சைக்காக வந்தார், எழுபத்துமூன்று வயது. நேற்று பாட்டியின் நோட்டை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பக்கத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தார். திரட்டுப்பால் பக்கம் வந்ததும் நான் "அத்தை, இந்த பாதாம் பொடி..." என்று ஆரம்பித்தேன்.

"எது பாதாம் பொடி?"

"இதோ, பா.பொ. இரண்டு கை."

அத்தை நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "பாதாமா? நம்ம வீட்டுலயா? தீவாளிக்கு முந்திரி உடைச்சுப் போட்டாலே தாத்தா கணக்குக் கேப்பார். அது பால் பொடிடா."

உள்ளேயிருந்து மனைவி ஓடி வந்தார். அவருக்கும் இதில் ஒரு வழக்கு உண்டு. "உங்கள் ஊரில்தானே பாசிப்பருப்பு என்பீர்கள்? பா.பொ. என்றால் பாசிப்பருப்புப் பொடி. உங்கள் பாட்டியும் பருப்புத்தான் போட்டிருக்கிறார்" என்று மூன்று வருஷமாக என்னிடம் வாதாடிக்கொண்டிருக்கிறார். அத்தை அதையும் தள்ளுபடி செய்துவிட்டார். பால் பொடி. டப்பாவில் வருவது.

கதை இது. 1974ல் அத்தைக்குக் கல்யாணம். வீட்டில் இரண்டு எருமை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒன்று கறவை நின்றுபோனது. அக்கம்பக்கத்தில் பால் திரட்டியும் போதவில்லை. சீர்த் தட்டில் வைக்கத் திரட்டுப்பால் இல்லாமல் முடியாது. தாத்தா திருநெல்வேலி டவுனுக்குப் போய்ப் பால் பொடி டப்பா வாங்கி வந்தார். பாட்டி ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு கிளறினார். சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பதால் நோட்டில்கூட முழுசாக எழுதவில்லை.

நான் இருபத்தைந்து வருஷமாக அதில் பாதாம் பொடி போட்டுக்கொண்டிருக்கிறேன். குடும்ப ரகசியம் என்று இங்கே வேறு எழுதிவிட்டேன்.

18 ஆகஸ்ட் 2024, இரவு

எழுத மறந்தது. நவம்பரில் நான் பெருமையாகச் சொன்னேன் அல்லவா, இறக்கிய பிறகும் ஆறும்வரை கிண்டச் சொல்வார் பாட்டி, அதனால்தான் மணலாகவில்லை என்று? அதையும் கேட்டேன். "ஆறுறதுக்குள்ள நீங்கள்லாம் கையை விட்டுச் சுட்டுக்குவீங்கன்னு ஒரு ஆளை உருளிகிட்ட நிக்க வெச்சா. சும்மா நிப்பானா, அதான் துடுப்பைக் குடுத்தா."

"பாட்டி செய்தது மணலானதே இல்லையே அத்தை?"

"மூணாம் நாள் வெச்சிருந்தாத்தானே தெரியும். பதினோரு பேர் வீட்டுல. மறுநாள் காலையில எதுடா மிச்சம் இருந்துது?"

கேள்வி கேட்ட வாசகரே, உங்கள் பாட்டி வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் இருந்ததா என்றும்.

20 ஆகஸ்ட் 2024

"பால் பொடி போட்டால் இன்னும் அதிகம் மணலாகுமே" என்று ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். ஆமாம். கொழுப்பெடுத்த பால் பொடியில் பாதிக்குப் பாதி லாக்டோஸ். ஏற்கெனவே இடம் போதாத தண்ணீரில் இன்னொரு கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்குவது போலத்தான்.

இதைப் படித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தச் சீர்த் திரட்டுப்பால் பதினோரு பேர் உள்ள வீட்டில் இருக்கவில்லை. நாகர்கோவிலுக்குப் போனது. ஒரு வாரமாவது பாத்திரத்தில் இருந்திருக்கும். அத்தை ஊருக்குப் போவதற்குள் கேட்க வேண்டும்.

21 ஆகஸ்ட் 2024

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அத்தை கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கல்யாணமாகிப் போன நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அவருடைய மாமியார் பத்துப் பேர் முன்னால் ஒரு விரலில் திரட்டுப்பாலை எடுத்து வாயில் வைத்து, "உங்க ஊர்ல தாமிரபரணி மணலையும் சேர்த்தா கிண்டுவா?" என்று கேட்டாராம். அத்தை அன்று ராத்திரி முழுக்க அழுதாராம். பாட்டியிடம் கடைசிவரை சொல்லவில்லை. அந்த மாமியார் போய்ச் சேர்ந்தே முப்பது வருஷம் ஆகிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காக அத்தை இன்றுவரை அவர் திதியன்று திரட்டுப்பால் செய்ததில்லை. அவருக்கு அது பிடிக்கும் என்று தெரிந்தும்.

நான் லாக்டோஸை விளக்கினேன். தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 100 கிராம் தண்ணீர், 20 கிராம்தான் கரையும், பால் பொடியில் இவ்வளவு, மீதி படிகம். யாருடைய தப்பும் இல்லை என்று சொன்னால் மனசு ஆறும் என்று நினைத்தேன்.

அத்தை தாளை வாங்கிப் பார்த்தார். "அப்போ, நிஜமாவே மணல் மாதிரிதான் இருந்துதா?"

"இருந்திருக்கும் அத்தை."

"அவ பொய் சொல்லலையா?"

நான் என்ன சொல்வது? மனைவி அடுப்படியிலிருந்து என்னை முறைத்தார்.

24 ஆகஸ்ட் 2024

விசாரித்த எல்லாருக்கும்: அத்தை நலம், கண்ணும் நலம். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நேற்று ரயில் ஏற்றிவிடப் போனபோது சொன்னார்: "அம்பது வருஷம் திட்டினது திட்டினதுதான். இனிமே அதையெல்லாம் திருப்பி எடுத்துக்க முடியாது." வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "தீவாளிக்குக் கிண்டினா எனக்கும் அனுப்பு. பாதாம் போட்டே அனுப்பு, அதுதான் நன்னாருக்கு" என்றார்.

6 செப்டம்பர் 2024

சோதனை முடிவு. ஒரே நாளில் மூன்று கிண்ணம், ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் பால், 100 கிராம் சர்க்கரை. முதலாவது வெறும் பால். இரண்டாவதில் ஒரு கைப்பிடி பால் பொடி. மூன்றாவதில் ஒரு கைப்பிடி பாதாம் பொடி. மூன்றையும் இறக்கியதும் அப்படியே வைத்துவிட்டேன், கிளறவில்லை. நாலாம் நாள் மகனைக் கண்ணைக் கட்டிச் சுவைக்கச் சொன்னேன். பால் பொடிக் கிண்ணத்தை உடனே சொல்லிவிட்டான்: "இது பீச்." வெறும் பாலிலும் மணல் உண்டு, கொஞ்சம் குறைவு. பாதாமிலும் மணல் இருந்திருக்க வேண்டும், ஆனால் பாதாமே கொரகொரவென்று இருப்பதால் எது எதென்று கண்டுபிடிக்க முடியவில்லை. இருபத்தைந்து வருஷமாக நான் செய்த தப்பு மணலுக்குத் திரை போட்டிருக்கிறது.

நவம்பர் 25 குறிப்பில் இன்னொரு திருத்தம். கொதிக்கும் பாலில் வெல்லம் போடவே கூடாது என்று எழுதினேன். மாமியார் போனில் திருத்தினார். பால் நன்றாகக் குறுகிய பிறகு, அடுப்பில் இருக்கும்போதே வெல்லப் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் லேசாகத் திரிந்து குருணை பிடிக்கும், அதற்காகவே அப்படிச் செய்வோம் என்கிறார். ஆக, பாயசத்துக்கு என் விதி, திரட்டுப்பாலுக்கு அவர் விதி. கூடவே "அல்வா எப்படி இருந்தது என்று கேட்டேன் என்று சொல்" என்றாராம் மகளிடம்.

1 நவம்பர் 2024

நேற்று தீபாவளி. 4 லிட்டர், இரண்டு தவணை. ஆறும்வரை கிளறினேன், மகன் கொஞ்சம், நான் கொஞ்சம். பாதாம் போட்டேன். ஒரு டப்பா பார்சலில் அத்தைக்குப் போயிருக்கிறது. நாகர்கோவில் சேர மூன்று நாள் ஆகும் என்கிறார்கள். நாலாம் நாள்தான் திறப்பார்.

உருளியை வழித்தது யார் என்று கேட்காதீர்கள். தகராறு இன்னும் முடியவில்லை.

6 நவம்பர் 2024

அத்தையிடமிருந்து போன். டப்பா வந்துவிட்டது. முதல் ஸ்பூனைத் தட்டில் எடுத்து மாமியார் படத்துக்கு முன்னால் வைத்தாராம். "மணல் இருக்கா அத்தை?" என்றேன்.

"அவ இன்னும் ஒண்ணும் சொல்லலை" என்றார்.